4.5 கோடி டாலர் கேட்டும் விற்காத வயோலா: ‘மெக்டொனால்ட்’ ஸ்ட்ராடிவாரியின் கதை

2014 மார்ச்சில் நியூயார்க்கின் சோத்பீஸ் ஏல நிறுவனம், லண்டனில் பழைய வாத்தியங்களை மட்டுமே ஏலம் விடும் இங்கிள்ஸ் அண்ட் ஹேடே நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு வயோலாவை (வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த சுருதித் தந்தி வாத்தியம்) விற்பனைக்குக் கொண்டுவந்தது. இத்தாலியின் கிரெமோனா நகரில் வாழ்ந்த வாத்தியக் கைவினைஞர் அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி கையால் செய்தது, ‘மெக்டொனால்ட்’ என்று பெயர். குறைந்தபட்ச விலை 4.5 கோடி டாலர், அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 270 கோடி ரூபாய். சுத்தியல் தட்டும் ஏலம் இல்லை. டெண்டர் மாதிரி, விலையை எழுதி உறையில் போட்டு ஒட்டி ஜூன் 25-க்குள் கொடுத்துவிட வேண்டும். டேவிட் ஆரன் கார்பென்டர் என்ற இளம் வயோலா கலைஞர் வாசித்துக் காட்டினார், செய்திகள் உலகம் முழுக்கப் போயின, இதுவரை எந்த வாத்தியத்துக்கும் இப்படி ஒரு விலை கேட்கப்பட்டதில்லை என்று எல்லோரும் எழுதினார்கள்.

கெடு முடிந்தது. விற்கவில்லை.

அதுவரை ஏலத்தில் ஒரு ஸ்ட்ராடிவாரிக்குக் கிடைத்த அதிகபட்ச விலை 1.59 கோடி டாலர். ‘லேடி பிளண்ட்’ என்ற 1721-ஆம் ஆண்டு வயலின், ஜப்பான் நிலநடுக்க நிவாரணத்துக்காக 2011 ஜூனில் விற்றது. அது கிட்டத்தட்ட வாசிக்கப்படாமலே பெட்டிக்குள் காக்கப்பட்ட வயலின், புத்தம் புதிதாக இருக்கும், அதற்கே அவ்வளவுதான். அதைப்போல மூன்று மடங்கு ஒரு வயோலாவுக்குக் கேட்கிறார்கள் என்றால் ஏதோ ஒரு கணக்கு இருக்க வேண்டும் அல்லவா? கணக்கு இதுதான்: ஸ்ட்ராடிவாரியின் வயலின்கள் இன்று 500-க்கு மேல் இருக்கின்றன, செல்லோக்கள் 50-க்கு மேல், வயோலாக்கள் சுமார் பத்தே பத்து. அந்தப் பத்திலும் பெரும்பாலானவை அருங்காட்சியகங்களிலும் அறக்கட்டளைகளிலும் போய் உட்கார்ந்துவிட்டன. தனியார் கையிலிருந்து நல்ல நிலையில் ஒன்று சந்தைக்கு வருவது ஒரு தலைமுறைக்கு ஒருமுறை நடந்தால் அதிகம். ஆகவே அரிது, ஆகவே விலை.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கில் ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். 93 வயதுவரை வாழ்ந்து, ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் பட்டறையில் உழைத்த ஒரு மனிதர் ஏன் இவ்வளவு கொஞ்சமாக வயோலா செய்தார்? இருக்கும் பத்தை வைத்துப் பார்த்தால் ஏழு ஆண்டுக்கு ஒன்று. அழிந்துபோனவற்றையும் சேர்த்துக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள், அப்போதும் சொற்பம்தான். ஏன் செய்யவில்லை என்றால், யாரும் கேட்கவில்லை. அது அரிதாக இருப்பதற்கு எது காரணமோ அதுவேதான் 2014-ல் உறை வந்து சேராததற்கும் காரணம் என்பது என் கட்சி. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வயோலா என்பது வயலினைவிட ஒரு பஞ்சமம் கீழே சுருதி சேர்ப்பது. வயலினின் மந்தரத் தந்தி ஏறத்தாழ 196 ஹெர்ட்ஸ், வயோலாவில் 131. நம் திரையிசைப் பதிவுகளில் வயலின் கூட்டத்துக்கு அடியில் ஒரு கனத்த, மூக்கடைத்த மாதிரியான தந்தி ஒலி கேட்கும், பலர் அதைக் கவனிப்பதே இல்லை, அதுதான். சரி, சுருதி ஒன்றரை மடங்கு கீழே போனால் உடம்பும் ஒன்றரை மடங்கு நீளமாக இருக்க வேண்டும். வயலின் உடல் 35.5 செ.மீ., எனவே வயோலா 53 செ.மீ. இருக்க வேண்டும். தோளில் வைத்து வாசிக்கும் எந்த மனிதனுக்கும் கை அவ்வளவு நீளாது. அதனால் வயோலா பிறப்பிலேயே ஒரு சமரசம். 40, 41, 42 செ.மீ. என்று ஒவ்வொருவரும் ஓர் அளவைப் பிடித்துக்கொண்டு, இயற்பியல் கேட்பதற்கும் தோள் தாங்குவதற்கும் நடுவே எங்கோ நிற்கிறார்கள். வயலினுக்குப் போல இதுதான் சரியான அளவு என்று ஒன்று இன்றுவரை இல்லை.

17-ஆம் நூற்றாண்டில் இத்தாலியத் தந்தி இசையில் ஐந்து குரல்கள் எழுதுவது வழக்கம். அதில் நடுவில் இரண்டு வயோலா, ஒன்று சிறியது (கொன்ட்ரால்தோ), ஒன்று பெரியது (தெனோரே). அப்போது வயோலாவுக்கு நல்ல கிராக்கி இருந்தது. பிரெஷியாவில் காஸ்பரோ த ஸாலோ, கிரெமோனாவில் அமாட்டி குடும்பம் என்று எல்லோரும் செய்து தள்ளினார்கள். ஆனால் நூற்றாண்டின் கடைசியில் ரசனை மாறிவிட்டது. இரண்டு வயலின், ஒரு கீழ்க்குரல் என்ற மூவர் ஸொனாட்டா பிடித்துக்கொண்டது. இசையமைப்பாளர் கொரெல்லி 1681-ல் ரோமில் வெளியிட்ட முதல் தொகுப்பே அந்த வகைதான், அதில் வயோலாவுக்கு இடமே இல்லை. மற்ற இடங்களிலும் இரண்டு வயோலா ஒன்றாகச் சுருங்கியது. பழைய வயோலாக்களோ தேயாமல் கிடந்தன. மரவாத்தியம் நூறு வருடம் தாங்கும், பிறகு எதற்குப் புதிது? ஸ்ட்ராடிவாரி பட்டறையின் வாசலில் வயோலா கேட்டு நின்றவர்கள் அபூர்வம்.

நின்ற ஒருவரைப் பற்றி நமக்கு நன்றாகத் தெரியும். கிரெமோனாவின் பிரபு பர்த்தொலொமேயோ அரிபெர்தி, டஸ்கனி இளவரசர் ஃபெர்தினாந்தோ மெதிச்சிக்குப் பரிசளிக்க ஸ்ட்ராடிவாரியிடம் இரண்டு வயலினும் ஒரு செல்லோவும் வாங்கியிருந்தார். இளவரசருக்கு அவ்வளவு பிடித்துப்போய்விட்டது. 1690 செப்டம்பர் 19 தேதியிட்ட கடிதத்தில் அரிபெர்தி அதைச் சொல்லிவிட்டு, குழு முழுமையாக ஒரு கொன்ட்ரால்தோவும் ஒரு தெனோரேவும் உடனே ஆரம்பிக்கும்படி கேட்கிறார். ஸ்ட்ராடிவாரி அதற்காகவே புது அளவுகள் வரைந்த தாள்கள் இன்றும் இருக்கின்றன. தேதி அக்டோபர் 4. கடிதத்துக்கும் வரைபடத்துக்கும் இடையே பதினைந்தே நாள். அந்தக் காலத் தபாலை நினைத்துப் பார்த்தால் மனிதர் கடிதம் கையில் கிடைத்த வேகத்தில் காம்பஸை எடுத்திருக்க வேண்டும்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி வருகிறது: அச்சு. ஸ்ட்ராடிவாரி வாத்தியத்தின் உடலை உள்ளிருந்து வெளியே கட்டுவார். வால்நட் மரத்தில் வாத்தியத்தின் வடிவத்திலேயே ஒரு தட்டையான உள்ளச்சு, அதன் ஓரத்தில் ஆறு இடங்களில் சதுரமாக வெட்டு, அந்த வெட்டுகளில் வில்லோ மரக்கட்டைகளை லேசாகப் பசை தொட்டு ஒட்டி, மேப்பிள் மரத்தை ஒன்றரை மில்லிமீட்டருக்கும் கீழே மெலிதாக இழைத்து, சூடான இரும்பில் வளைத்து அச்சைச் சுற்றிப் பக்கப் பலகையாகக் கட்டுவார்கள். கூடு காய்ந்ததும் அச்சை உருவி எடுத்துவிடலாம், அடுத்த வாத்தியத்துக்கு அதே அச்சு. ஒவ்வொன்றிலும் எழுத்து பொறித்திருப்பார்: பி, எஸ், பிஜி, ஜி என்று வயலினுக்கு மட்டும் வரிசையாக. வயலினில் அவர் சும்மா இருந்ததே இல்லை. 1690களில் நீளமான வடிவம் ஒன்றை முயன்றார், சில ஆண்டுகளில் அதை விட்டுவிட்டு அகலமாக்கினார், வளைவைத் தாழ்த்தினார், ஒருபோதும் திருப்தி கிடையாது. வயோலாவுக்கோ இரண்டே அச்சு, ஒன்று தெனோரே, ஒன்று கொன்ட்ரால்தோ (சிவி என்று பொறித்தது). இரண்டும் அந்த 1690 ஆர்டருக்காக வெட்டியவை. அதற்குப் பிறகு நாற்பது சொச்சம் ஆண்டுகள் உயிரோடு இருந்தும், செய்த வயோலாக்களை ஏறக்குறைய எல்லாம் அந்த ஒரே சிவி அச்சில்தான் கட்டினார். மெக்டொனால்டும் அதன் பிள்ளைதான். உடல் நீளம் 41 செ.மீ.க்குச் சற்று மேல்.

வயலினில் மாற்றிக்கொண்டே இருந்த மனிதர் வயோலாவில் ஒரு கோட்டைக்கூட நகர்த்தவில்லை என்றால் என்ன பொருள்? யாரும் எட்டாத பூரணத்தை ஒரே நாளில் எட்டிவிட்டார் என்று பக்தர்கள் சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. ஆர்டர் வந்தால்தானே மாற்றிப் பார்க்க முடியும்.

அந்த அச்சுகள் பிழைத்ததே பெரிய விஷயம். 1737 டிசம்பர் 18-ல் அவர் இறந்த பிறகு பட்டறையை நடத்திய மகன்கள் இருவரும் சில ஆண்டுகளில் போய்விட்டார்கள். இளைய மகன் பவோலோ துணி வியாபாரி, 1770களில் எல்லாவற்றையும் கோஸியோ தி ஸலாபூவே பிரபுவிடம் விற்றார். அங்கிருந்து கைமாறி, 1920-ல் ஜுஸெப்பே ஃபியோரினி என்ற வாத்தியக் கைவினைஞர் தன் கைக்காசில் வாங்கி, 1930-ல் கிரெமோனா நகரத்துக்கே கொடுத்தார். இன்று அங்குள்ள வயலின் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். நகரம் ஸ்ட்ராடிவாரியை அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தது என்று சொல்ல முடியாது; அவர் புதைக்கப்பட்ட சான் தொமெனிக்கோ தேவாலயத்தை 1869-ல் இடித்துப் பூங்கா ஆக்கிவிட்டார்கள்.

வார்னிஷ் பற்றி ஒரு வார்த்தை, இல்லாவிட்டால் யாராவது கேட்பார்கள். ரகசியக் கலவை, எரிமலைச் சாம்பல், தொலைந்த பிசின் என்று காலங்காலமாகக் கதை ஓடுகிறது. பாரிஸ் இசை அருங்காட்சியகத்திலுள்ள ஐந்து ஸ்ட்ராடிவாரி வாத்தியங்களை ஆராய்ந்து 2009-ல் வெளியிட்ட முடிவு ரொம்பச் சாதாரணம்: முதலில் உலரும் எண்ணெய் ஒரு பூச்சு, அதன்மேல் எண்ணெயும் பைன் பிசினும் சேர்ந்த ஒரு பூச்சு, சிலவற்றில் சிவப்பு நிறமிகள். அக்கால ஓவியர் கடையில் கிடைத்த சரக்கு. கையும் கண்ணும் வேறு, சரக்கு வேறு.

மெக்டொனால்டின் தேதியிலும் ஒரு சின்னக் குழப்பம் உண்டு. விற்பனைக்கு வந்தபோது 1719 என்றார்கள். பழைய பட்டியல்களில் 1701 என்று போட்டிருக்கும். இரண்டுமே 1700 முதல் 1725 வரையிலான அவருடைய ‘பொற்காலம்’ என்று சொல்லப்படும் காலத்துக்குள் விழுவதால் விற்பவர்களுக்குக் கவலை இல்லை. பெயர், 19-ஆம் நூற்றாண்டில் அதை வைத்திருந்த மூன்றாம் மெக்டொனால்ட் பிரபு காட்ஃப்ரி பாஸ்வில் வழியாக வந்தது.

வயோலாவுக்குத் தனி வாசிப்பில் ஆள் கிடைக்காத கதைக்கு நல்ல உதாரணம் பாகனினி. அவரிடமும் ஒரு ஸ்ட்ராடிவாரி வயோலா இருந்தது, 1731-ல் செய்தது. அதை வாசித்துக் காட்ட ஆசை, ஆனால் வாசிக்க உருப்படி இல்லை. பிரெஞ்சு இசையமைப்பாளரான இளைஞர் பெர்லியோஸிடம் கேட்டார். பெர்லியோஸ் எழுதிய முதல் பகுதியைப் பார்த்ததும் பாகனினிக்கு முகம் வாடிவிட்டது: எனக்கு இத்தனை இடத்தில் சும்மா நிற்க வேலையா, நான் விடாமல் வாசித்துக்கொண்டே இருக்க வேண்டாமா என்று. ஒதுங்கிக்கொண்டார். 1834-ல் வேறொருவர் வாசித்து அரங்கேறியது. நான்கு ஆண்டு கழித்துக் கேட்டுவிட்டு, மனம் உருகி 20,000 பிராங்க் அனுப்பினார் என்பது வேறு கதை. உலகத்தின் மிகப் பெரிய வயலின்காரர் கையில் மிக அரிதான வயோலா இருந்தும், அதற்காகவே கேட்டு எழுதவைத்த உருப்படி அவர் கையால் மேடையேறவில்லை. கச்சேரி செய்து பிழைக்கும் தனி வயோலா கலைஞர் என்ற இனமே 20-ஆம் நூற்றாண்டில் லயனல் டெர்டிஸ் வந்த பிறகுதான் தலையெடுத்தது. அவரும் ஸ்ட்ராடிவாரி பின்னால் போகவில்லை. அவர் நெடுங்காலம் பிடித்துக்கொண்டிருந்தது வெனிஸ் நகர மொன்தஞானா செய்த வயோலா, பதினேழு அங்குலத்துக்கும் மேல் நீளம், மல்யுத்தம் மாதிரி.

வயோலாக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதில் ஒன்று உண்டு, ஏல அறிவிப்புகளில் வராது: ஸ்ட்ராடிவாரி வயோலாக்களின் ஒலி பளிச்சென்று, மேல்நோக்கி, கொஞ்சம் வயலின் சாயலில் இருக்கும், இருட்டான, தொண்டைக்குள்ளிருந்து வரும் ஒலி வேண்டுமென்றால் பிரெஷியாவின் பழைய வயோலாக்களுக்கோ அமாட்டிக்கோ போ என்று. எல்லோரும் ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் வயலினில் ஸ்ட்ராடிவாரிக்கு இருக்கும் கேள்வியில்லாத சிம்மாசனம் வயோலாவில் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

மெக்டொனால்டை உலகம் கேட்டது பீட்டர் ஷிட்லோஃப் கையில். ஆஸ்திரியாவில் பிறந்த யூதர், 1938-ல் ஹிட்லர் படை நுழைந்ததும் இங்கிலாந்துக்குத் தப்பி வந்த சிறுவன். போர் வந்ததும் தஞ்சம் கொடுத்த அதே அரசு, ‘எதிரி நாட்டவன்’ என்று முகாமில் அடைத்தது. அங்கே நார்பர்ட் பிரைனினையும், இன்னொரு முகாமில் ஸீக்மண்ட் நிஸ்ஸலையும் சந்தித்தார். மூவருமே வயலின்காரர்கள். செல்லோவுக்கு மார்ட்டின் லவெட் வந்தார், வயோலாவுக்கு ஆள் வேண்டும், ஷிட்லோஃப் வயலினைக் கீழே வைத்தார். 1948 ஜனவரியில் விக்மோர் ஹாலில் அமதேயுஸ் நால்வர் குழுவாக அரங்கேறினார்கள். ஏறக்குறைய நாற்பது ஆண்டு ஆள் மாறவே இல்லை. 1964-ல் மெக்டொனால்ட் அவர் கைக்கு வந்தது. 1987-ல் ஷிட்லோஃப் இறந்ததும் மற்ற மூவரும் வேறு வயோலா கலைஞரைத் தேடாமல் குழுவையே கலைத்துவிட்டார்கள். வயோலாவை மறைந்திருக்கும் நடுக்குரல் என்று நினைப்பவர்கள் அந்தப் பதிவுகளைக் கேட்க வேண்டும். பிரைனின் மேலே பாய்ந்துகொண்டிருக்கும்போது அடியில் ஷிட்லோஃப் ஒரே ஒரு ஸ்வரத்தை மாற்றுவார், மொத்த நிறமும் மாறிவிடும்.

இப்போது பணத்துக்கு வருவோம். 1964-ல் அதன் விலை 81,000 டாலர். ஐம்பது ஆண்டுகள் கழித்து 4.5 கோடி என்றால் 550 மடங்குக்கு மேல். கூட்டுவட்டியாகப் போட்டால் ஆண்டுக்குப் பதின்மூன்றரை சதவீதம், இடையில் ஒரு வருடமும் தவறாமல். பழைய வாத்தியங்கள் நல்ல முதலீடு என்று விற்பவர்கள் சொல்வார்கள், உண்மையும் கூட, ஆனால் இது அந்தச் சந்தையிலேயே உச்சி. அதுவும் ஒப்பிட்டுப் பார்க்க வேறு விற்பனையே இல்லாத பொருளுக்கு. ஒப்பீடு இல்லாததால்தான் டெண்டர் முறைக்கே போனார்கள் என்று தோன்றுகிறது. அறையில் நூறு பேர் முன்னால் ஒரு கையும் உயராமல் போவதைவிட உறை வராமல் போவது மானத்தைக் காப்பாற்றும். ஆனால் குறைந்தபட்ச விலையை ஊரறியச் சொல்லிவிட்டார்களே, அப்புறம் எங்கே மறைப்பது? இரண்டு கோடி, மூன்று கோடி கொடுக்கத் தயாராக இருந்த ஒருவர் எங்காவது இருந்திருந்தாலும் அவர் உறையை எடுத்திருக்கவே மாட்டார். என் பார்வையில் பெரிய பிழை அதுதான். அரிய பொருளைச் சத்தமில்லாமல் இரண்டு மூன்று அறக்கட்டளைகளிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்க வேண்டும்.

வாங்கக்கூடியவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். பெரும் பணக்காரச் சேகரிப்பாளருக்கு வயலின்தான் வேண்டும். விருந்தினரிடம் ‘ஸ்ட்ராடிவாரி வயோலா’ என்று காட்டினால், வயோலா என்றால் என்ன என்று விளக்கிவிட்டுத்தான் பெருமைப்பட முடியும். வாத்தியத்தை வாங்கி நல்ல கலைஞருக்கு இரவல் கொடுக்கும் அறக்கட்டளைகள் அதே பணத்தில் மூன்று வயலின் வாங்கி மூன்று பேருக்குக் கொடுக்கலாம். வயோலா கலைஞர்களோ வீடு வாங்கவே கடன் வாங்குபவர்கள். ஒலிக்காகத்தான் கொடுக்கிறோம் என்றும் சொல்ல வழியில்லை. 2010-ல் இண்டியானாபோலிஸில் 21 வயலின் கலைஞர்களுக்கு இருட்டுக் கண்ணாடி போட்டு, மூன்று பழைய வயலின்களையும் மூன்று புதியவற்றையும் கொடுத்துச் சோதித்தபோது கடைசி இடத்துக்கு வந்தது ஒரு ஸ்ட்ராடிவாரி. அது வயலின் சோதனைதான், கேள்விகளும் அதன்மீது உண்டு. இருந்தாலும் 4.5 கோடி கொடுக்கப் போகிறவரின் வக்கீல் அதைப் படித்திருப்பார்.

ஆக, கிரெமோனாவில் 1700-களில் வயோலா கேட்டு ஆள் வரவில்லை, அதனால் பத்துதான் மிஞ்சியது, பத்துதான் என்பதால் விலை வானத்துக்குப் போனது, ஆனால் ஆள் வராத காரணம் மட்டும் முந்நூறு ஆண்டாக அப்படியே இருக்கிறது. பொருள் குறைவு என்பதை மட்டும் பார்த்து, அதைத் தேடுபவர்களும் அதே அளவு குறைவு என்பதை விட்டுவிட்டார்கள்.

மெதிச்சி வயோலாக்களுக்கு என்ன ஆயிற்று என்பது இதற்கு நல்ல எதிர்ச்சான்று. பெரிய தெனோரே, கிட்டத்தட்ட 48 செ.மீ., ஃபிளாரன்ஸிலேயே தங்கிவிட்டது, இன்று அங்கே அக்காதெமியா காட்சியகத்தில் இருக்கிறது. அந்த அளவு வயோலாக்களைப் பிற்காலத்தில் வாசிக்க வசதியாக ஓரங்களை வெட்டிச் சிறிதாக்கிவிட்டார்கள், ஏராளம் போயின. இது அரச சேகரிப்பில் சும்மா கிடந்ததால் தப்பியது, பழைய கழுத்துகூட மாற்றப்படவில்லை. சிறிய கொன்ட்ரால்தோ பல கைமாறி அமெரிக்காவுக்குப் போய், வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தில் 1977 முதல் இரவலாக இருந்துவந்தது. அண்மையில் நூலகம் அதைச் சொந்தமாக்கிக்கொண்டது. மதிப்பு 3 கோடி டாலர். ஒரு தம்பதி 2 கோடியை நன்கொடையாகக் கொடுத்தார்கள், உரிமையாளர் குடும்பம் மீதி 1 கோடியை விட்டுக்கொடுத்தது. விளம்பரமும் இல்லை, கெடுவும் இல்லை, ஒட்டிய உறையும் இல்லை. விலை பேசியவர்கள் இருவருமே அது எங்கே இருக்க வேண்டும் என்பதில் ஒரே பக்கம்.

வயலின் சந்தையும் 2014-ல் நினைத்த வேகத்தில் ஏறவில்லை. 2025 பிப்ரவரியில் அதே சோத்பீஸ், ‘யோவாகிம்-மா’ என்ற 1714-ஆம் ஆண்டு ஸ்ட்ராடிவாரி வயலினை 1.2 முதல் 1.8 கோடி டாலர் வரை போகும் என்று மதிப்பிட்டு ஏலத்துக்கு வைத்தது. கமிஷன் எல்லாம் சேர்த்து 1.125 கோடிக்கு முடிந்தது.